எண்பது கை, நாற்பது பேர்

மார்ச் 3, செவ்வாய்

ஒரு வழியாக ஆய்வு முடிந்தது. நாள் முழுக்கக் கிருமிநாசினி போட்டுக் கழுவிக் கழுவி வெடித்துப்போன நர்ஸுகளின் கைகள். மொத்தம் நாற்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கையில் புதுக் களிம்பு, மறு கையில் ஸ்டோரில் எப்போதும் இருக்கும் பழைய க்ரீம். எந்தக் கைக்கு எது என்று காசு சுண்டி முடிவு செய்தோம். ஒவ்வொரு கைக்கும் ஒரே கேள்வி: வெடிப்பு ஆறியதா, இல்லையா? இரண்டு கைக்கும் பதிலை அவர்களே, பெயர் போடாமல் ஆளுக்கு ஒரே சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டார்கள்.

புதுசின் நெடியை மறைக்க முடியவில்லை. எந்தக் கையில் எது என்று எல்லோருக்கும் தெரியும். அதை ஆய்வின் குறையாக எழுதியே ஆக வேண்டும்.

பெரிய சிஸ்டர் — தலைமை நர்ஸ், நாற்பதில் அவரும் ஒருவர் — வாசலிலேயே மறித்தார். "டாக்டர், எப்படியாவது புதுசை வாங்க வச்சிடுங்க. என் பிள்ளைங்க கையைப் பார்த்தா வயிறு எரியுது." கொள்முதல் கமிட்டியோ ஆதாரம் இருந்தால்தான் வாங்குவேன் என்கிறது.

மார்ச் 5, வியாழன்

போச்சு.

புதுசு போட்ட நாற்பது கையில் 26 ஆறியிருக்கிறது. பழையதில் 18. கண்ணுக்கே தெரிகிறதே! எல்லோரும் போடுகிற கை-ஸ்கொயர் சோதனையைத்தான் போட்டேன் (பெயரிலேயே கை இருக்கிறது என்ற தெம்பு வேறு). தற்செயலுக்கு எவ்வளவு இடம் என்று சொல்லும் பி மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கினால்தான் கமிட்டி மதிக்கும். வந்தது 0.07. தற்செயலாகவும் இப்படி வந்திருக்கலாம் என்று சோதனை கையை விரித்துவிட்டது.

பெரிய சிஸ்டரிடம் எந்த முகத்தோடு சொல்வது? லிஃப்ட் பக்கம் அவர் நிற்பதைப் பார்த்ததும் படி வழியாக நழுவிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

வேறு எந்தச் சோதனை போட்டால் 0.05-க்குக் கீழே இறங்கும் என்று காலையிலிருந்து மடிக்கணினியில் துழாவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வாரக் கடைசியில் பள்ளிப் பிள்ளைகளின் கால்பந்துக்கு விசில் ஊதுகிறவர்.

"ஆட்டம் முடிஞ்சப்புறம் ரூலை மாத்துறியா?"

எரிச்சலாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சல்.

மார்ச் 10, செவ்வாய்

புள்ளியியல் துறைக்குப் போனேன். அங்கே இருக்கும் பெண்ணுக்கு எங்கள் வார்டில் 'முக்கியப் புள்ளி' என்று பெயர். என்னைவிடச் சின்னவள். வாயில் எப்போதும் ஒரு மிட்டாய்.

"எத்தனை பேர் டாக்டர்?"

"எண்பது."

"எண்பது பேரா, எண்பது கையா?"

அசடு வழிந்தேன். ஒருத்தியின் இடது கையும் வலது கையும் முன்பின் அறியாதவை போல அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன்! ஒரே ஆள், ஒரே தோல், ஒரே வேலை — ஒப்பிட வசதி என்றுதானே இரண்டு கையையும் ஒருத்தியிடமே எடுத்தேன்?

இப்படி ஜோடியாக வரும் 'ஆம்-இல்லை'க்கு மெக்நெமர் சோதனைதான் பொருந்துமாம். இரண்டு கையும் ஆறினவர்களையும், இரண்டுமே ஆறாதவர்களையும் வைத்து எது மேல் என்று சொல்ல முடியாது. ஒரு கை மட்டும் ஆறினவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு.

உடனே போடச் சொன்னேன். அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "முதல்ல ஏன் மாத்துறோம்னு எழுதுங்க. பழைய 0.07-ஐயும் மறைக்காம போடணும். இதுவும் ஒத்து வரலைன்னா மூணாவது சோதனை கிடையாது. சரியா?"

சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 11, புதன்

புதுசு போட்ட கை மட்டும் ஆறியவர்கள் பத்துப் பேர். பழையது போட்ட கை மட்டும் ஆறியவர்கள் இரண்டு பேர். எண்ணிக்கை சின்னது, அதனால் தோராயக் கணக்கு வேண்டாம் என்று துல்லிய முறையிலேயே போட்டிருக்கிறாள்.

0.039!

"ரூலை மாத்தலையே?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்ல. வேற ஆட்டத்தோட ரூலை வச்சு ஆடிட்டு இருந்திருக்கேன்."

பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான்.

மார்ச் 24, செவ்வாய்

கமிட்டி ஒத்துக்கொண்டது. ஒருவர் மட்டும் 0.07-ஐப் பிடித்து நோண்டினார். மறைக்காமல் போட்டிருந்ததால் நிம்மதியாகப் பதில் சொல்ல முடிந்தது. வார்டில் ஒரே கும்மாளம்.

மார்ச் 30, திங்கள்

பெரிய சிஸ்டர் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "பழைய க்ரீமை நிறுத்தப் போறாங்களாம் டாக்டர். வேண்டாம்னு கொஞ்சம் சொல்லுங்க."

"புதுசு வேணும்னு தவியாத் தவிச்சதே நீங்கதானே சிஸ்டர்?"

"பிள்ளைங்களுக்காக. எனக்கு அது கேட்கலை. பழையது போட்ட கை மட்டும் ஆறின அந்த ரெண்டு பேர்ல நான் ஒருத்தி."

புதுசு ஜெயிக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர். எந்தக் கையில் எது என்றும் அவருக்குத் தெரியும்.

"சீட்டுல ரெண்டுமே ஆறிடுச்சுன்னு எழுதியிருக்கலாமே? யாருக்குத் தெரியப்போகுது?"

"நீங்க என் ஆசையையா கேட்டீங்க? கையைத்தானே கேட்டீங்க."

ஸ்டோருக்குப் போன் போட்டேன். பழையதை நிறுத்தாதீர்கள், தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அவர் போன பிறகு அந்த இரண்டு சீட்டையும் எடுத்து இன்னொரு தடவை பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.