கொட்டாம்பாறைக்கு நீங்கள் கொடுத்த வாக்கு

கரும்புக் காட்டின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல் படைத்த என் மாமாவுக்கு,

உங்கள் மருமகள் கோமதி எழுதுகிறேன். சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "இழுக்காதம்மா, விசயத்துக்கு வா" என்பீர்கள். கொட்டாம்பாறை ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது. போன வாரம் ஆம்புலன்ஸை அதன்மேல் ஓட்டிப் பார்த்தார்கள். ஊரே ஓடைக்கரையில் நின்றது. சேதி தெரியாத அதிகாரி ஒருவர் "ஏழுமலை அய்யா எங்க?" என்று கேட்டார். நீங்கள் இப்போது இல்லை என்று நான்தான் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகத் தெரிந்த கதையையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த ஒப்பந்த வேலை கிடைத்தபோது உங்களுக்குப் பிடிபடவே இல்லை. கல்வராயன் மலையில் வீடு எங்கே, பாதை எங்கே, ஓடை எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று நேரில் போய்க் குறித்து, கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். அதை வைத்துத்தான் எந்த வசதியை எந்த இடத்தில் வைப்பது என்று முடிவு செய்வார்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன இடத்தில், "எங்க மருமவ மலைய படம் போடுது, சினிமாக்கு இல்ல, கவர்மெண்டுக்கு" என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

உங்கள் பிள்ளை, என் வீட்டுக்காரர் சரவணன் அப்போது திருப்பூரில் இருந்தார். "மலைக்கு ஒத்தயா போவாதம்மா, நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டீர்கள்.

"உங்களுக்கு எதுக்கு மாமா அலைச்சல்?"

"வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது?"

எனக்குத் துணையாகத்தான் வந்தீர்களா? மேற்கே நீலமாகத் தெரியும் அந்த மலையை அறுபது வயதுவரை வயலில் நின்றே பார்த்தவர் நீங்கள். ஒரு தடவையும் ஏறியதில்லை. ஆசையாகவும் இருந்திருக்கலாம். கேட்காமல் விட்டுவிட்டேன்.

மூன்றாவது வளைவிலேயே ஜீப்பை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தீர்கள். டிரைவர் பாஷா அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி, "பேரு ஏழுமலைன்றீங்க, ஒரு மலைக்கே இப்பிடியா?" என்று சிரித்தார். நீங்கள் வாயைத் துடைத்துக்கொண்டு, "மீதி ஆறையும் நெனச்சிதான்யா வாந்தி வருது" என்றீர்கள். அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் சேக்காளி ஆகிவிட்டீர்கள்.

மேலே போய்விட்டால் நீங்கள் வேறு ஆள். நான் கையில் போனை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் குறித்துக்கொண்டிருப்பேன். திரும்பிப் பார்த்தால் உங்களைக் காணோம். ஏதாவது ஒரு வீட்டுக்குள் சாமைச் சோறு சாப்பிட்டபடி, மரவள்ளிக்கு இந்த வருஷம் என்ன விலை என்று பேசிக்கொண்டிருப்பீர்கள்.

கொட்டாம்பாறையிலும் அப்படித்தான் பூங்காவனம் அக்கா வீட்டுக்குள் போனீர்கள். அந்த அக்கா தன் மகளுக்கு மழைக்காலத்தில் பிரசவ வலி கண்டதைச் சொன்னார். ஓடையில் வெள்ளம். ரோடு சுற்றி வர வண்டி கிடைக்கவில்லை. தூளி கட்டித் தூக்கிப்போனார்கள். மகள் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு நீங்கள் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். எனக்கு அது தெரியாது.

மலைமேல் ஒரு ஆம்புலன்ஸை எப்போதும் நிறுத்தி வைக்கப்போகிறார்கள், எங்கே நிறுத்துவது என்பதுதான் அந்த வரைபடத்திடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. வெறும் தூரத்தை வைத்து வட்டம் போட்டபோது கொட்டாம்பாறை நடுவில் வந்தது. ஆனால் வண்டி வட்டத்தில் போகாதே, ரோட்டில்தானே போகும்? ஏற்றம், வளைவு, மழையில் அறுபடும் இடம் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டேன். நாவலூத்து முனை என்று வந்தது. அங்கிருந்து கிளம்பினால் பெரும்பாலான ஊர்களுக்குச் சீக்கிரம் போய்விடலாம். கொட்டாம்பாறைக்கு மட்டும் ஓடையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

மலைமேல் கரியாலூரில் கூட்டம் போட்டார்கள். அதிகாரிகள் முன்னால் வரிசையில், ஊர்க்காரர்கள் பின்னால். நான் படத்தைச் சுவரில் மாட்டி, நாவலூத்து முனையைத் தொட்டுக் காட்டினேன். பூங்காவனம் அக்கா எழுந்தார்.

"எங்க ஊர்லதான் வண்டி நிக்கும்னு அய்யா சொன்னாருங்களே. எங்க மருமவ கையிலதான் எல்லாம் கீதுன்னு சொன்னாரு."

எல்லாத் தலையும் உங்கள் பக்கம் திரும்பியது. எனக்குக் காது சூடேறிவிட்டது. ஒப்பந்த வேலைக்காரி, மாமனாரை வைத்து ஊருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்றால் என்ன நினைப்பார்கள்? நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று பார்த்தேன். எழுந்து நின்றீர்கள்.

"அவங்க சொல்றதுலயும் ஞாயம் கீதும்மா."

"மாமா, நீங்க எனக்கு மாமனாரா, அவங்க ஊர்க்காரரா?"

"இன்னிக்கி அவங்க ஊரு."

கூட்டம் சிரித்தது. பெரிய அதிகாரிகூடச் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அப்படின்னா ரெண்டு எடத்துல இருந்தும் வண்டி ஓட்டிப் பாக்கலாம். நீங்களே அதுல குந்திப் பாருங்க" என்றேன். உங்களுக்கு வளைவு ஆகாது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

நல்ல மழை பெய்த மறுநாள் பாஷா அண்ணன் ஓட்டினார். கொட்டாம்பாறையில் கிளம்பிக் கடைக்கோடி ஊருக்குப் போனோம். சேற்றில் வழுக்கி, ஏற்றத்தில் முனகி, சுற்றிச் சுற்றிப் போவதற்குள் நீங்கள் இரண்டு தடவை இறங்கி ஏறினீர்கள். பிறகு நாவலூத்து முனையிலிருந்து அதே ஊருக்குப் போனோம். உங்களுக்கு வாந்தி வருவதற்குள் ஊரே வந்துவிட்டது.  

திரும்பி வரும்போது கொட்டாம்பாறைக்கு வண்டியை விடச் சொன்னீர்கள். பூங்காவனம் அக்கா முறத்தோடு வெளியே வந்தார்.

"தெரியாம வாக்கு குடுத்துட்டேம்மா. வண்டி இங்க நின்னா மத்த ஊரு புள்ளங்களுக்கு நேரத்துக்குப் போயி சேராது. நானே குந்திப் பாத்துட்டு வரேன்."

அக்கா கோபப்படவில்லை. "அப்ப எங்க புள்ளங்களுக்குங்க?" என்று மட்டும் கேட்டார்.

 நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.  ஆம்புலன்ஸை எங்கே நிறுத்துவது என்றுதான் நான் படத்தைக் கேட்டிருந்தேன். எஞ்சி நிற்கிற ஊருக்கு என்ன வழி என்று கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நீங்கள் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். கொட்டாம்பாறைக்குக் கீழே ஓடை ஒடுங்கும் இடம் ஒன்று இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் நாவலூத்து ரோடு. அங்கே ஒரு சின்னப் பாலம் இருப்பதாகக் கோடு போட்டுக் கணக்கை ஓட்டினேன். சுற்றுவழி முழுவதும் மறைந்து, கொட்டாம்பாறை நாவலூத்தின் பக்கத்து ஊராகிவிட்டது. நீங்கள் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டீர்கள்.

"இந்த வாட்டி வாக்கு குடுக்காதீங்க மாமா."

"ச்சே ச்சே. மனு எழுதுங்கன்னுதான் சொல்லுவேன்."

மனு எழுதச் சொன்னதோடு நின்றீர்களா? திங்கட்கிழமைதோறும் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களோடு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொண்டு, கலெக்டர் ஆபீஸ் மனு நாள் வரிசையில் போய் நின்றீர்கள். நான் அச்செடுத்துக் கொடுத்த படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பீர்கள். கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் விரித்துக் காட்டுவீர்கள். வெளுத்துப் போகப் போக வேறு அச்செடுத்துக் கொடுத்தேன்.

பாலத்துக்கு அனுமதி வந்த சேதி உங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் இருந்தீர்கள் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் மடையோரம் சாய்ந்துவிட்டீர்கள். காரியத்துக்கு மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்தது. வந்தவர்களுக்குச் சோறு போதாமல் மறுபடி உலை வைத்தோம். அழுதுகொண்டே அரிசி களைந்தேன், ஆனால் பெருமையாகவும் இருந்தது.

இன்னொரு சேதி. பூங்காவனம் அக்காவின் மகள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள், ஏழாம் மாசம். போன வாரம் வண்டி ஓட்டிப் பார்த்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். "குலுங்கவே இல்லக்கா" என்றாள். பாஷா அண்ணனுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பும் கண்ணீருமாக வந்துவிட்டது.

கடைசியாக ஒரு விஷயம், இது நம் வீட்டு விஷயம். இப்போது என் வேலை சமவெளிக்கு வந்துவிட்டது. ஏரி, வாய்க்கால், எந்த நிலத்தில் என்ன விளைகிறது என்று நம் பக்கத்து ஊர்களைக் குறிக்கிறேன். பழைய சர்வே படத்தின்மேல் இன்றைய செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பார்த்தால், நம் கரும்பின் கிழக்கு ஓரம் வாய்க்காலுக்குள் நிற்கிறது. இது உங்கள் அப்பா வேலையா, உங்கள் வேலையா? வருஷத்துக்கு ஒரு உழவுச் சாலாக வரப்பு நகர்ந்தது யாருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த இடத்தில் வாய்க்கால் ஒடுங்கியதால்தான் ஐப்பசி மழையில் கீழத்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் ஏறுகிறது. நம் கரும்பை வெட்ட வருகிறவர்களின் வீடுகள் அவை.

சரவணனிடம் காட்டினேன். "அத்த மட்டும் உட்டுடு கோமதி, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். "எனக்குத் தெரிஞ்சிடுச்சே" என்றேன்.  மறுநாள் காலையில் அவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வரப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

உள்ளது உள்ளபடி குறித்துவிட்டேன், மாமா. இந்தக் கரும்பு வெட்டு முடிந்ததும், அடுத்த நடவுக்கு முன்னால், வரப்பை உள்ளே தள்ளி வாய்க்காலுக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. நீங்கள் இருந்திருந்தால் ஒரு வேளை சாப்பிடாமல் முறைத்துக்கொண்டிருப்பீர்கள். மறுநாள் டீக்கடையில் இது உங்கள் யோசனைதான் என்று சொல்லியிருப்பீர்கள். யாராவது கேட்டால் நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து மகளாகச் சண்டை போட்ட
கோமதி