இன்ஜின் சத்தத்தில் நடந்த பரிசம்

பரவை
10-6-1983

அன்பு மகன் பேயாண்டிக்கு அம்மா மாயக்காள் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை, குவைத் வெயிலில் நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன வெள்ளிக்கிழமை உன் மகள் செல்லக்கிளிக்குப் பரிசம் போட்டாகிவிட்டது. கண்டவர்கள் உனக்கு எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளை மலைச்சாமிக்கு ஊர்க் கடைசியில் இருக்கிற கரண்ட் ஸ்டேஷனில் வேலை. பகலில் அங்கே ஒன்றும் ஓடாது. பொழுது சாய்ந்து மதுரை முழுக்க விளக்குப் போட்டுக் கரண்ட் போதாமல் போனால் போன் வரும், உடனே எண்ணெய் இன்ஜினை ஓட்ட வேண்டும். உன் அத்தை அன்னக்கொடிக்கு, தன் பேரனுக்குப் பெண் கொடுக்கவில்லை என்ற எரிச்சல். “பகல் பூராம் சும்மா உக்காந்திருக்கவனுக்கா பொண்ணு குடுக்குறீக?” என்று தெருவெல்லாம் சொன்னாள். உன் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனவள்தானே, இருபத்திரண்டு வருஷமானாலும் நான் மறப்பேனா. சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் நல்ல நேரம் என்று பிடிவாதம் பிடித்ததும் அவள்தான். அது ஏன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று முகூர்த்த நாள், மண்டபமெல்லாம் சீரியல் லைட். மாப்பிள்ளை லீவு போட்டிருந்தும், சபையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் ஆள் வந்துவிட்டான். “அப்பத்தா, ரெண்டு இன்ஜினும் ஓடணுமாம், நான் போகலைன்னா பாதி ஊரு இருட்டாயிரும்” என்று அந்தப் பிள்ளை எழுந்து போனது. உன் அத்தை உடனே, “சகுனம் சரியில்ல, பரிசம் நின்னு போச்சு” என்று பாயைச் சுருட்டுகிறாள். உன் பெண்டாட்டி அழுகிறாள், செல்லக்கிளி முகத்தில் ரத்தமே இல்லை. நான், “தட்டைத் தூக்குங்கடி” என்றேன். அத்தனை பேரும் தேங்காய் பழத்தோடு ஸ்டேஷன் வாசலுக்கு நடந்தோம். வாட்ச்மேனுக்குக் கை நிறைய வெற்றிலை கொடுத்ததும் கேட்டைத் திறந்துவிட்டான், மாப்பிள்ளை எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஐந்தே நிமிஷம் வெளியே வந்து நின்றார்.

யாருக்காவது மறுப்பு உண்டா என்று சபையில் மூன்று தரம் கேட்க வேண்டுமே, சபைக்குப் பெரியவராக நின்ற விருமாண்டி மாமா கேட்டார். இன்ஜின் போட்ட சத்தத்தில் அவர் கேட்டது அவருக்கே கேட்டிருக்காது. அன்னக்கொடி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். மாமா அதைப் பார்த்துப் பூரித்து, “அத்தைக்காரியே வாழ்த்திட்டா” என்று சைகை காட்டித் தட்டை மாற்றிவிட்டு, முதல் சந்தனத்தை அவள் கையிலேயே பூசினார்! மறுநாள் அவள் வந்து, தான் மறுப்புச் சொன்னதாகச் சண்டை பிடித்தாள். மாமா, “அம்புட்டுப் பேரும் பாத்தோமே தாயி” என்று முடித்துவிட்டார். அவளை ஒட்டித்தான் நான் நின்றேன், ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது. இது உன்னோடு இருக்கட்டும்.

கல்யாணம் ஆவணியில், விடியற்காலை முகூர்த்தம், இந்தத் தடவை நேரம் குறித்தது நான். லீவுக்கு இப்போதே எழுதிப் போடு. அழகர் உன்னைக் காப்பார், வயிறாரச் சாப்பிடு, வெயிலில் தலையில் துண்டு போடு. முக்கியமாக, மகளை மனமார வாழ்த்தியதற்கு நன்றி என்று உன் அத்தைக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அவளுக்குப் படிக்கத் தெரியாது, என்னிடம்தான் கொண்டு வருவாள். நான் தெருவுக்கே கேட்கும்படி வாசித்துக் காட்டுகிறேன்.

உன்னைப் பெற்றவள்,
மாயக்காள்