சுவரோரம் அறுபத்தெட்டு பைகள்

செப். 4, வியாழன்

வெயில். காற்று அசையவில்லை. காலை ஆறரைக்குக் கன்றுப் பைகளுக்குத் தண்ணீர். மொத்தம் 68. எல்லாம் நலம்.

இன்றிலிருந்து இதற்குத் தனி நோட்டு. பழையதில் மாத்திரை நேரமும் காட்டு விஷயமும் கலந்து கிடக்கின்றன. எனக்கு அது ஆகாது. விஷயம் சுருக்கமாக:

– பிப்ரவரியில் பத்து நாள் அந்தக் காட்டுக் குடியிருப்பில் தங்கிப் பார்த்தேன். செய்யூர் தாண்டி. இருபத்தாறு பேர். தரிசாகிப்போன நிலத்தில் அந்த மண்ணின் மரங்களையே மறுபடி வளர்க்கிறார்கள். விளக்கு சூரிய ஒளியில். சமையல் முறை வைத்து. கழிவறையில் தண்ணீருக்குப் பதில் மரத்தூள். மூன்றாம் நாள் பழகிவிட்டது.

– சேருகிறவர் ஐம்பது கன்றுகளோடு வர வேண்டும். சொந்தக் கையால் விதை போட்டு வளர்த்தவை. கடையில் வாங்கியது செல்லாது.

– வருடத்துக்கு ஒரே முறைதான் ஆள் சேர்ப்பார்கள், பெருமழைக்கு முன். இந்த வருடம் அக். 5.

– எனக்கு 73. அடுத்த வருடம் முழங்கால் என்ன சொல்லுமோ. ஆகவே இந்த வருடம்.

கையிருப்பு: புங்கம் 24, வீரை 16, மகிழம் 16, வெப்பாலை 12. உலக்கைப்பாலை பத்து விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. அது மட்டும் மனதில் முள்.

மந்தைவெளியில் இப்படி மண்தரை உள்ள கீழ்வீடு கிடைத்தது அதிர்ஷ்டம். சுவரோரம் நூல் பிடித்து நான்கு வரிசை. பெயர்ச் சீட்டெல்லாம் வெளிப்பக்கம் பார்த்து. பள்ளியில் சிஸ்டர்கள் எங்களை இப்படித்தான் நிறுத்துவார்கள். பார்க்க அழகு.

செப். 7, ஞாயிறு

பூசை முடிந்து பாலவாக்கம், மகன் ஜெரால்டு வீட்டுக்கு. நாளை மாதா திருநாள், பெசன்ட் நகர் முழுக்கக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள், பேருந்து ஊர்ந்தது. மருமகள் ஷீலா மீன் குழம்பு. உப்பு குறைவு, சொல்லவில்லை.

எனக்கென்று ஓர் அறை தயார். குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்திவிட்டார்கள், என்னைக் கேட்காமல். இரண்டு கம்பி.

ஜெ. சொன்னது: காட்டில் விழுந்தால் யார் தூக்குவது. ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம். இங்கே மொட்டைமாடியில் எத்தனை தொட்டி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் மரம்தானே. கடைசியில்:

“சரி மம்மி, போய்ட்டு வா. கிறிஸ்துமஸுக்குள்ள வந்துடுவ, எனக்குத் தெரியும். சாவி என்கிட்ட இருக்கட்டும். வீட்ட யாருக்கும் விட வேணாம்.”

கேக் சாப்பிட்டேன்.

அவன் கெட்டவனில்லை. என் கணவர் குளியலறையில் விழுந்த அன்று ஜெ. அடையாறு பாலத்தில் நெரிசலில் நாற்பது நிமிடம் நின்றான். வந்தபோது முடிந்திருந்தது. அதை வாயால் சொல்ல மாட்டான். கம்பியாகப் பொருத்துகிறான்.

செப். 10, புதன்

தி. நகர். பாண்டி பஜாரில் தலைசுற்றும் வெயில்.

வாங்க வேண்டியவை: முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கெட்டிப் பருத்திப் புடவை இரண்டு, டார்ச், கண்ணாடிக்குக் கயிறு.
வாங்கியவை: கயிறு தவிர எல்லாம்.

பூட்ஸ் கடையில் “பேரனுக்கா ஆண்ட்டி?” என்றான். எனக்கு என்றேன். உடனே ஸ்டூல் போட்டு, குனிந்து மாட்டிவிட வந்தான். நானே மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் நேரம் ஆனது. அவன் காத்திருந்தான், அது அவன் வேலை.

வீட்டுக்குள் பூட்ஸ் போட்டு நடந்து பார்த்தேன். கன்னியம்மா பெருக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“காட்டுல பாம்பு கீதாம்மா?”

இருக்கிறது என்றேன்.

“அது உன்னப் பாத்துட்டு ஓடிப்பூடும், வுடு.”

பன்னிரண்டு வருடமாக என்னை “நீ” என்கிறாள். முதல் வருடம் திருத்தினேன்.

செப். 13, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

தேன்மொழி வந்தாள். அங்கே நாற்றுப் பண்ணை அவள் பொறுப்பு. நாற்பது வயது இருக்கும், பக்கத்துக் கிராமம்தான். நிழல் வலை வாங்கப் பாரிமுனை வந்தவள் கன்றுகளைப் பார்க்க இங்கே வந்தாள். நான் டிகாக்ஷன் எல்லாம் இறக்கி, வரிசைகளைக் காட்ட வாசலில் நின்றிருந்தேன். பெருமையாக. ஆம், பெருமையாகத்தான்.

அவள் வரிசையைப் பார்த்தாள். சீட்டுகளைப் பார்த்தாள், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு ஒரு புங்கம் பையைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அடியில் ‘பட்’ என்று ஒரு சத்தம். வைத்துவிட்டு அடுத்தது. அதுவும் வரவில்லை.

“எத்தினி நாளும்மா பைய நகத்தல?”

நகர்த்தவே இல்லை என்றேன். வரிசை கலைந்துவிடுமே.

“வேரு பையத் தொளச்சிக்கிட்டு பூமிக்குள்ள போயிடிச்சிம்மா. இதுங்க பையில இல்ல. ஒங்க ஊட்டுல இருக்குது.”

மாதம் ஒருமுறை பையை இடம் மாற்றினால் அடிவேர் வெளியே போகாது, பைக்குள்ளேயே சல்லிவேர் கட்டும். இப்போது அப்படியே பிடுங்கினால் முக்கால்வாசி வேர் இங்கேயே நின்றுவிடும், கன்று இரண்டு நாளில் வாடும். பிப்ரவரியிலேயே சொன்னேனே என்றாள். நீ சொல்லவில்லை என்றேன், கொஞ்சம் உரக்க.

அவள் வாதாடவில்லை. காபி குடித்தாள். செய்ய வேண்டியதைச் சொன்னாள்:

– ஒவ்வொரு பையின் அடியிலும் வேரைக் கூர்மையான கத்தியால் ஒரே வெட்டு. இழுக்கக் கூடாது.
– இலையில் பாதியைக் கழித்துவிட வேண்டும். குறைந்த வேர் குறைந்த இலைக்குத்தான் தண்ணீர் தரும்.
– இரண்டு வாரம் நிழல். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெயில்.
– தண்ணீர் அளவாக. “நீங்க ரொம்ப ஊத்தறீங்க.”

ஐம்பது இல்லாவிட்டால் என்று கேட்டேன். எல்லோருக்கும் ஐம்பதுதான், எனக்கென்று ஒரு கணக்கு இல்லை என்றாள். சரியான பதில். நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அவள் போனபின் பழைய நோட்டை எடுத்தேன். பிப். 16. “பையை மாதம் ஒருமுறை இடம் மாற்றுக.” என் கையெழுத்து. அடிக்கோடு வேறு. வெயிலுக்காகச் சொல்கிறாள் என்று எண்ணியிருக்கிறேன். இந்தச் சுவரோரம் முழுக்க ஒரே வெயில், ஆகவே தேவையில்லை என்று நானே முடிவு செய்திருக்கிறேன்.

தேன்மொழிக்கு போன். நீ சொன்னாய், நான் எழுதியும் வைத்திருக்கிறேன், தவறு என்னுடையது என்றேன். மன்னிப்புக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது. அவள் “சரிம்மா, நல்ல கத்தியா எடுத்துக்கங்க” என்றாள். அவ்வளவே.

செப். 14, ஞாயிறு

விடியற்காலைப் பூசை. எட்டு மணிக்கு ஆரம்பம். மோடா, பழைய மீன் கத்தி (நேற்றே சாணை பிடித்தது), வாளி, துணி.

முதல் பத்து மிக மெதுவாக. பிறகு சீராக. பையைச் சாய்த்து, அடியில் கத்தியை விட்டு, ஒரே இழுப்பு. வீரை வேர் நூல் போல. மகிழம் வேர் அறுபடும்போது பால் வாசனை. புங்கம் வேர் என் சுண்டுவிரல் கனம், சிலதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஒன்று மட்டும் வரவே இல்லை. புங்கம், இரண்டாம் வரிசை, ஏழாவது. கத்தி மழுங்கியது. பையைக் கிழித்து எடுத்துவிட்டு அதை அங்கேயே விட்டேன். மீதி 67.

மதியம் கன்னியம்மா (ஞாயிறு அவளுக்கு லீவு) சும்மா எட்டிப் பார்க்க வந்தாள். பாதி இலை போன கன்றுகளைப் பார்த்து:

“இன்னாம்மா, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மொத்தத்துக்கும் மொட்ட அடிச்ச மாரி கீது.”

சிரித்தேன். இரண்டு நாளில் முதல் தடவை. அவளும் புடவையைச் செருகிக்கொண்டு பைகளை வடக்குச் சுவர் நிழலுக்குத் தூக்கினாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை.

ஜெ. போன். விஷயத்தைச் சொன்னேன்.

“அதத்தான் மம்மி நானும் சொல்றேன். இத்தன வருஷம் ஒரே எடத்துல இருந்துட்டு இப்ப புடுங்குனா?”

நான் பாலிதீன் பையில் வளரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்தபிறகு இடுப்பு வலி. தைலம்.

செப். 20, சனி

மாலையில் தூறல். புழுக்கம் கூடியது.

போனவை 9. ஏழு மகிழம், இரண்டு வெப்பாலை. இலை சுருண்டு, பிறகு தண்டு கருத்து. தண்ணீர் ஊற்றக் கை துடிக்கிறது. ஊற்றவில்லை. காலையில் ஒரு குவளை, அவ்வளவுதான். அவை தலை தொங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பது கடினமான காரியம்.

கணக்கு எழுதத் தாள் தேடியபோது அலமாரியில் கணவருடைய பட்டியல். நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தொரு வருடம். சாலை அகலப்படுத்த வெட்டிய புளிய மரங்கள், ஒவ்வொன்றுக்கும் எண், சுற்றளவு, அவர் கையெழுத்து. ஏன் வைத்திருந்தார் என்று கேட்டதில்லை. இதற்காகத்தான் நான் போகிறேன் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். அங்கே நாற்று வரிசையைக் கோணலாக வைத்ததற்குத் தேன்மொழி என்னைத் திட்டினாள். எழுபது தாண்டியபின் யாரும் நம்மைத் திட்டுவதில்லை, பாவம் என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே விடவில்லை. அதனால் போகிறேன்.

பட்டியலின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. போனவை, இருப்பவை இரண்டையும் அதில் எழுதினேன்.

செப். 27, சனி

அடையாறில் பல் டாக்டர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லிவிட்டேன். அங்கே போய்ப் பல்வலி என்று நிற்க முடியாது. “ஃபில்லிங் போடலாமே மேடம்” என்றார். பிடுங்குங்கள் என்றேன்.

கன்னத்தில் பஞ்சோடு வந்து பைகளை எண்ணினேன். போனவை 17. இருப்பவை சரியாக 50. இன்று முதல் காலை வெயிலுக்கு நகர்த்தல். கன்னியம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வரிசை இல்லை. எப்படியோ வைத்தோம்.

அக். 2, வியாழன்

47.

இரண்டு வீரை, ஒரு மகிழம். நேற்று நன்றாக இருந்த வீரை.

ஜெ. விடுமுறை, ஷீலாவோடு வந்தான். நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூணுதானே மம்மி. திருவான்மியூர்ல நர்சரி இருக்கு. போய்ட்டு அர மணி நேரத்துல வந்துடறேன். யாருக்குத் தெரியப் போவுது?”

நான் போவதே பிடிக்காதவன். அவன் முகத்தைப் பார்த்தேன். அப்பாவின் அதே முகம், உதவ வரும்போது எரிச்சலாகத் தெரிகிற முகம்.

வேண்டாம் என்றேன். வேர் வெட்டாத கன்றைத் தேன்மொழி தூக்கிப் பார்த்தாலே கண்டுபிடிப்பாள். கண்டுபிடிக்காவிட்டாலும் வேண்டாம். 47 என்று சொல்லிக் கேட்பேன். முடியாது என்றால் அடுத்த வருடம் மறுபடி 50. பூட்ஸ் கெட்டுப்போகாது.

தேன்மொழிக்கு போன் செய்து சொன்னேன். அவளே முடிவு செய்ய முடியாது, இருபத்தாறு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான்.

அக். 3, வெள்ளி

மேகம். மழை இல்லை. நாள் முழுக்க போன் பக்கத்தில். அலமாரியை இரண்டு தடவை துடைத்தேன். மூன்றாம் தடவை கன்னியம்மா துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மாலை ஐந்துக்குத் தேன்மொழி.

“வெட்டிட்டு நாப்பத்தேழு நின்னுச்சாம்மா? நான் முப்பது தேறும்னு பாத்தேன்.”

பேசியிருக்கிறார்கள். ஐம்பதைக் குறைப்பதில்லை. ஆனால் மிச்சம் மூன்றை அங்கே வந்து விதை போட்டு வளர்க்கலாம். அவை நடும் உயரம் வரும்வரை நான் விருந்தாளி. நட்ட பிறகுதான் உறுப்பினர், அதுவரை கூட்டத்தில் என் சொல் செல்லாது. ஒப்புக்கொண்டேன். எந்த விதை எடுத்து வைக்கட்டும் என்று கேட்டாள். புங்கம் என்றால் நாலைந்து மாதத்தில் முடிந்துவிடும் என்றாள்.

எல்லாவற்றிலும் மெதுவாக வளர்வது எது என்று கேட்டேன்.

சிரித்தாள். “உலக்கைப்பாலைதான். ஒரு சாண் வளரவே ஒரு வருசம் இழுக்கும். ஒங்ககிட்ட மொளைக்கவே இல்லியே?”

அதையே எடுத்து வை என்றேன்.

அக். 5, ஞாயிறு

ஐந்தரைப் பூசை. வானம் இருட்டி நிற்கிறது. வாடகை வேன் வேண்டாம் என்று ஜெ. தன் அலுவலக நண்பரின் சிறு லாரியைக் கொண்டுவந்துவிட்டான். பைகளைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினான். அடியில் கை கொடுத்துத் தூக்கு என்றேன். பிறகு அப்படியே தூக்கினான்.

எடுத்துக்கொண்டவை: பெட்டி 1, பூட்ஸ், ஜெபமாலை, மீன் கத்தி, பட்டியல்.

இரண்டாம் வரிசைப் புங்கம் புதுத் துளிர் விட்டு நிற்கிறது. களை என்று யாரும் பிடுங்கக் கூடாது என்று மாடிக்காரர்களிடம் சொல்லியாகிவிட்டது. கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏழு மணிக்குள்ள துன்னுடு, மாத்திர மறந்துடாத” என்றாள். எனக்கு உத்தரவு.

ஜெ. கேட்டான், லாரியைப் பார்த்துக்கொண்டே: “கிறிஸ்துமஸுக்கு வந்துடுவல்ல மம்மி?”

கிறிஸ்துமஸுக்கு வருவேன், இரண்டு நாள், உன் வீட்டில் தங்க, கம்பி இருக்கிற குளியலறையில்தான் குளிப்பேன் என்றேன். பிறகு உலக்கைப்பாலையைப் பற்றிச் சொன்னேன். விதை முளைக்கவே எவ்வளவு நாள் என்று. ஒரு சாணுக்கு ஒரு வருடம் என்று. மூன்று கன்று என்று.

சாவியை அவன் கையில் வைத்தேன். வாடகைக்கு விடு. பல்லி எச்சத்தைக்கூடத் துடைக்கிற சுத்தக்கார ஆளாகப் பார்த்து விடு.

ஜெ. ஹார்ன் அடிக்கிறான். இன்னும் ஒரு தடவை எண்ணிவிட வேண்டும், 47