சந்தேகமான சக்கரம் யார் பக்கம்?

மச்சான்,

வீட்டுக்குள் பெயிண்ட் வாசனை. சுவருக்கு அடித்ததல்ல, கார் சக்கரத்துக்கு அடித்தது. டயர் கழற்றிய ஒற்றை அலாய் வீல், டிவிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்று இருக்கிறது. குணம் என்ன, உள்ளே கோளாறு உண்டா, ஒன்றும் தெரியவில்லை. பளபளப்புக்கு மட்டும் குறைச்சலில்லை. எதிரே நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாட்டலாமா, வேண்டாமா? உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. நீதான் முந்திக்கொண்டு போய்விட்டாயே.

பாப்பாவுக்குப் பெங்களூருக்கு வேலை மாற்றல். பெற்ற அப்பன் என்னை விட்டுவிட்டு உன் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்து நம் காதைச் செவிடாக்கினாளே, அதே பாப்பாதான். வருகிற சனிக்கிழமை, குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, தானே கார் ஓட்டிப் போகிறாள். போன வாரம் ஃபேக்டரியிலிருந்து சத்தியவேட்டுக்குத் திரும்பும்போது மழைத் தண்ணீர் நின்ற பள்ளத்தில் வண்டியை இறக்கிவிட்டாள். பின்சக்கரத்தின் உள்விளிம்பில் விரல் நீளத்துக்கு விரிசல். திருப்பதியில் ஒரு கடையில் கொடுத்து, வெல்டிங் வைத்து, ராவி, பெயிண்ட் அடித்து வாங்கி வந்தேன். விரிசல் எங்கே இருந்தது என்று இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

"ஏமி காது அண்ணா, தைரியமா போடுங்க" என்றான் கடைக்காரன். நான் சக்கரத்தைத் தோளில் தூக்கிய பிறகு, "ஹைவேல மட்டும் எண்பதைத் தாண்ட வேணாம்" என்றான். ஒன்றும் ஆகாது என்றால் எண்பது எதற்கு? இந்தக் கேள்வி பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உதித்தது. எனக்கு எல்லாமே பஸ் ஏறிய பிறகுதான் உதிக்கும். ஒன்பதாம் வகுப்பைக் கோட்டைவிட்டதும் அப்படித்தான்.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு சித்தூர் போனேன். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். "உட்கார இடம் தருவீங்களா?" என்று கேட்டேன். பஸ்ஸே சிரித்தது, ஆனாலும் டிக்கெட் எடுத்தேன். டயர் கடைக்காரர் ஒரு டயரை மாட்டிக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பார்த்தார், ஒரு குமிழி இல்லை. மெஷினில் மாட்டிச் சுற்றினார், ஆடவில்லை. "அப்போ நல்லதுதானே?" என்றேன். "இன்னைக்குக் காத்து போகலைங்க. ஆள் ஏறி, பள்ளத்துல விழுந்தா வெல்டிங் தாங்குமான்னு யாருக்குத் தெரியும்? என் வண்டிக்கா இருந்தா போடமாட்டேன்" என்றார். அவர் புது வீல் விற்கிறவர். அதனால் சொல்கிறாரா, உண்மையிலேயே சொல்கிறாரா? திரும்பும்போது பஸ்ஸில் இந்தக் கேள்வியும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. அதற்கு யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

பாப்பா செல்போனில் வீடியோ தேடினாள். "நைனா, ஒருத்தன் போடலாம்ங்கறான், ஒருத்தன் போடவே கூடாதுங்கறான்."

"யாரு படிச்சவன் மாதிரி இருக்கான்?"

"ரெண்டு பேரும் தொப்பி போட்டிருக்கானுங்க நைனா."

நம் அம்பாசிடரை நினைத்துக்கொண்டேன். பாதி உன்னது, பாதி என்னது. வாங்கிய அன்று நீ நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாய். நான் பாஸ்டரய்யாவை ஜெபம் பண்ணக் கூட்டி வந்தேன். "ஸ்டெப்னிக்கும் சேத்துப் பண்ணுங்கய்யா" என்று அவரையே நீ விரட்டினாய். ஊரே பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. துபாய்க்கு ஒருவன், மெட்ராஸ் கம்பெனிக்கு ஒருவன், பெங்களூருக்கு ஒரு குடும்பம். எல்லாரையும் ஏற்றி இறக்கினோம். நாம் மட்டும் எங்கும் போகவில்லை.

கார்வேட்டிநகரம் தாண்டி ஒருமுறை கல்லில் ஏறி ரிம் நசுங்கியது. வண்டிக்குள் துபாய் போகிற பையனும், அழுதுகொண்டே அவன் அம்மாவும். கொல்லர் பட்டறையில் அடித்து நிமிர்த்தினோம். நீ ஸ்பேனரால் தட்டி, தலையைச் சாய்த்து, டாக்டர் மாதிரி கேட்டாய். "கிண்ணுன்னு சொல்லுது, போலாம்" என்றாய். அது பின்சக்கரம். ஆனால் அதைப் பின்னால் மாட்ட விடவில்லை. முன்னால் வலது பக்கச் சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, இதை உன் சீட்டுக்கு நேரே மாட்டச் சொன்னாய்.

"இன்னாய்யா இது, டபுள் வேலை?" என்று நான் கத்தினேன்.

"சந்தேகமான சக்கரம் ஓட்டறவன் பக்கம் இருக்கட்டும். அவங்க நம்மள நம்பிக்கினு ஏறியிருக்காங்க."

"முன்சக்கரம் போனா வண்டியே கவுந்துடும். அப்புறம் உன் பக்கம் இன்னா, அவங்க பக்கம் இன்னா?"

"அது வண்டிக் கணக்கு. இது என் கணக்கு. நீ ஜாக்கியைப் புடி."

அன்றிலிருந்து நம் வண்டியில் அதுதான் சட்டம். எந்த மெக்கானிக் கேட்டாலும் சிரிப்பான். நானும் சிரித்துக்கொண்டே முப்பது வருஷம் அப்படியே மாட்டினேன்.

உன் காரியம் முடிந்த பிறகு உன் வீட்டு அக்கா உன் ஸ்பேனரை என்னிடம் கொடுத்துவிட்டாள். அதை எடுத்து இந்தச் சக்கரத்தைத் தட்டினேன். "டொக்" என்றது. வெளியே போய்க் காரில் இருந்த நல்ல சக்கரத்தைத் தட்டினேன். அதுவும் "டொக்". என் மண்டையைத் தட்டியிருந்தாலும் அதே சத்தம்தான் வந்திருக்கும். இரும்பு பேசிய பாஷை எனக்குக் கொஞ்சம் புரியும். இது வேறு ஜாதி உலோகம், என்னோடு பேச மறுக்கிறது.

"ஸ்டெப்னியா வெச்சிக்கலாமே நைனா" என்றாள் பாப்பா. அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த நிம்மதியும் போயிற்று. ஸ்டெப்னி எப்போது வெளியே வரும்? வழியில் டயர் போய், மழை கொட்டி, குழந்தை அழுகிற நேரத்தில். அந்த நேரத்திலா இதை நம்புவாள்?

இதுவரை எழுதி வைத்துவிட்டு எழுந்தேன், மிச்சத்தைச் சனிக்கிழமை ராத்திரி எழுதுகிறேன். சரி, உன் சட்டத்தையே பிடித்துக்கொள்வோம், ஓட்டுகிறவர் பக்கம் மாட்டிவிடுவோம் என்று கார் கதவைத் திறந்தேன். டிரைவர் சீட்டில் பாப்பாவின் துப்பட்டா கிடந்தது.

மச்சான், நீ அதைச் சொன்னபோதெல்லாம் ஓட்டுகிறவன் நீயாக இருந்தாய், இல்லாவிட்டால் நான். வேறு யாராவது அந்த சீட்டில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. துப்பட்டாவை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தேன். சக்கரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வேறு வீல் வாங்கினோம். அளவு ஒன்று, பூ வேலைப்பாடு வேறு. மூன்று சக்கரத்தில் பூ, ஒன்றில் நட்சத்திரம். "அசிங்கமா இருக்கு, பின்னாடி அந்தப் பக்கம் மாட்டு நைனா, யாருக்கும் தெரியாது" என்றாள். "இது உன் பக்கம்தான். ஜாக்கியைப் புடி" என்றேன். முன்னால் வலது பக்கம், அவள் சீட்டுக்கு நேரே மாட்டினேன். நல்லது ஓட்டுகிறவள் பக்கம். உன் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. டயர் மாட்டிக் கொடுத்த மெக்கானிக் இதற்கும் சிரித்தான்.

பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தார். "நல்ல வீலுண்ணா, யாராவது போட்டுக்குவாங்க" என்றார். அந்த யாராவதுக்கும் ஒரு நைனா இருப்பானே. ஹேக்ஸா பிளேடு எடுத்து, விரிசல் இருந்ததாக நான் நினைத்த இடத்தில் அறுத்தேன். கை கடுத்தது. அறுத்த இடத்தைக் கண்ணாடி போட்டு, வெயிலில் காட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெல்டிங் உள்ளே பிடித்திருந்ததா இல்லையா, ஒன்றும் புரியவில்லை. நல்ல சக்கரத்தைத்தான் கெடுத்தேனோ என்னவோ. நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். இல்லை, நீயும் தலையைச் சாய்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்பாயோ? இப்போது அதுவும் சந்தேகமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை அவள் கிளம்புமுன் உன் ஸ்பேனரால் நான்கையும் தட்டினேன். "இன்னா சொல்லுது நைனா?" என்றாள். ஒன்றும் விளங்காவிட்டாலும் தலையைச் சாய்த்துக் கேட்டேன்.

"போலாம்னு சொல்லுது" என்றேன்.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து போன். "வந்துட்டேன் நைனா. நாலும் கூடவே வந்துச்சு."

உன் ஸ்பேனர் என் படுக்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மாட்ட வண்டி இல்லை. சந்தேகத்தை மட்டும், நீ சொன்ன மாதிரி, என் பக்கமே வைத்துக்கொண்டிருக்கிறேன்.