கடைக்குக் கொடுக்காத மஞ்சள் பறவை

அக்கா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பரிசுக்கடை அம்மா வந்தால், பையில் இருக்கும் துணிப் பறவைகளைக் கொடுத்துவிடு. நான் நூல் வாங்கப் போகிறேன். உன் ரயில் நேரத்துக்குள் திரும்பப் பார்க்கிறேன்.

“பொம்மை தைச்சே காலத்த ஓட்டப் போறியா?” என்று நேற்று கோபமாகக் கேட்டாய். பதிலை எழுதியே வைக்கிறேன்.

எம்பிராய்டரி மெஷின் வந்த அன்று, பஞ்சு திணிக்க இடம் விடாமல் பறவையைச் சுற்றிலும் தைத்துவிட்டேன். அது தட்டையாகக் கிடந்தது. “லாரி ஏறின பறவைடி இது” என்றாய். நாம் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தாள். நான் பள்ளிக்கூடம் போவது நின்ற பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அதன்பின் மெஷின் வேலை எனக்கு, பஞ்சு திணித்துக் கையால் மூடுவது உனக்கு என்று ஆனது.

ஆமாம் அக்கா, தைத்துத்தான் ஓட்டப் போகிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது.

சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.

இன்னொன்று. மெஷின் மேல் இருக்கும் மஞ்சள் பறவை உன் பழைய சுடிதாரில் தைத்தது. அதற்கு இன்னும் பஞ்சு வைக்கவில்லை. உன் கோபம் போயிருந்தால் நீயே திணித்து, மூடி, எடுத்துக்கொண்டு போ. கோபம் போகவில்லை என்றால் அப்படியே விட்டுவிடு. அடுத்த தடவை நீ வரும்வரை திறந்தே இருக்கட்டும்.