கீரிக்குப் போட்ட ஊசி

18 ஜனவரி 1938, செவ்வாய்

காமயகவுண்டன்பட்டி ஜக்கம்மா எங்கள் மாட்டாஸ்பத்திரிக்குக் கூடையோடு வந்தாள். உள்ளே கட்டுச்சேவல், பெயர் கீரி. அவள் புருஷன் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சண்டையில் ஜெயித்ததை மட்டுமே பொறுக்கிச் சேர்த்த இனம். போன வருஷத்துச் சீக்கில் தப்பியது இந்த ஒரு சேவலும் அதன் தங்கைப் பெட்டைகள் இரண்டும்தான். இதுவோ பெட்டையை மிதித்து இணைவதில்லை. கிட்டே விட்டால் கொத்துகிறது.

"ஊர்ச் சேவலோட சேத்தா ரத்தம் கலந்துரும்னு அவுக விடவே மாட்டாக, கம்பவுண்டரே. அவுகளும் போயிட்டாக. இதுவும் போச்சுன்னா வம்சமே இல்ல."

டாக்டர் சென்னையிலிருந்து எண்ணெயில் கரைத்த ஹார்மோன் மருந்து கொண்டுவந்திருக்கிறார். ஆணை ஆணாக்கும் சாறாம், சீமையில் செய்கிறார்களாம். "கீரிக்கும் போடு. நம் கொட்டகையில் இருக்கும் காயடித்த சேவலுக்கும் போடு. இரண்டையும் பார்த்து எழுதி வை" என்றார்.

19 ஜனவரி

ஊசி தொடங்கியாயிற்று. இரண்டுக்கும் ஒரே அளவு.

25 ஜனவரி

காயடித்ததன் கொண்டை வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. இன்று சிவப்பேறி நிற்கிறது! தொட்டால் சூடு.

29 ஜனவரி, சனி

கூவிவிட்டது. குரல் உடைந்து, பாதியில் நின்று, மறுபடி முழுசாக. இறக்கையைத் தாழ்த்திப் பெட்டையைச் சுற்றி வந்தது, மிதித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அதைக் காயடித்தது நான்தான். என் கையால் அறுத்தெடுத்ததைச் சொட்டு எண்ணெய் திருப்பிக் கொடுத்துவிட்டதா? அப்படியானால் ஆசை என்பதுதான் என்ன — எனக்குள் ஓடுவதும் இதேதானா?

3 பிப்ரவரி, வியாழன்

கீரிக்கும் கொண்டை தடித்துவிட்டது. ஓயாமல் கூவுகிறது. இன்று ஜக்கம்மா முன்னால் பெட்டையை விட்டோம். ஒரே பாய்ச்சல் — கண்ணுக்கு மேலே கிழித்துவிட்டது. அவள் பெட்டையை வாரியெடுத்து முந்தானையால் ரத்தத்தை ஒற்றினாள்.

"மருந்து மேல குத்தமில்ல, கம்பவுண்டரே. சண்டை, சண்டைன்னே பாத்துப் பாத்துச் சேத்தோம். மத்தது எப்ப உதுந்துச்சுன்னே தெரியலயே."

டாக்டர் கீரியின் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மருந்து ஒன்றுதான். அதைக் கேட்கிற உடம்பு வேறு" என்றார்.

செத்துப்போன மனிதர்கள் எப்போதோ பொறுக்கியது இன்னும் இந்தச் சேவலின் ரத்தத்துக்குள் உட்கார்ந்து வேண்டாம் என்கிறது. நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

12 பிப்ரவரி

ஜக்கம்மா தங்கைப் பெட்டைகளை ஊர்ச் சேவலோடு விட்டுவிட்டாளாம். "கலந்தாக் கலக்கட்டும். உசிரு நிக்கட்டும்" என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.

11 செப்டம்பர், ஞாயிறு

காமயகவுண்டன்பட்டிக்குப் போயிருந்தேன். ஜக்கம்மாவின் தென்னந்தோப்பில் அந்தக் கலப்பில் பிறந்த பதினொரு இளங்கோழிகள். எதையும் கூடையில் அடைக்கவில்லை.

அதில் ஒரு சேவல் மட்டையைக் கிளறிக் கரையானை எடுத்தது. தின்னவில்லை. கொக் கொக்கென்று கூப்பிட்டது. பெட்டை வந்ததும் அதன் முன்னே போட்டுவிட்டு, இறக்கையைத் தாழ்த்தி ஒரு வட்டம் சுற்றியது.

"இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள் ஜக்கம்மா.

வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றிருந்தோம்.