காப்பியில் ஏலக்காய்

சிலமலை,
13.11.1983

அன்பு மகள் சந்திரவல்லிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தப் பிலாய்க் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கக் கருப்பசாமி துணையிருக்கட்டும். இங்கே நானும் உன் தம்பி கன்னையனும் சுகம் என்று வழக்கம்போல எழுதப் போனேன், கை நின்றுவிட்டது, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உறையின் ஓரத்தில் பசை இரண்டு தடவை போட்ட மாதிரி இருந்தது. தபால்காரர் கண்ணுச்சாமி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார், நானும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாங்கினேன். பிரித்துப் படித்தாரா இல்லையா என்பது அவருக்குத்தான் வெளிச்சம், இனிமேல் நீ நாலு ஓரமும் அழுத்தி ஒட்டி அனுப்பு. கருத்த பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. சீம்பால் எடுத்தபோது உன் நினைப்புதான். பக்கத்து வீட்டு ஆயம்மாள் தினமும் மோர் கேட்டு வருகிறாள், மோருக்கு வருகிறவள் செம்பை மறந்துவிட்டு வருவாளா, உள் அறையில் கன்னையன் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்க்கத்தான் வருகிறாள். நானும் வாசலை மறைத்துக்கொண்டே நின்று பேசி அனுப்பிவிடுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தம்பி மாத்திரை சாப்பிட மறுத்தால் மறுபடியும் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் ஆக வேண்டும், ராக்கையா மாமாவுக்கும் எழுதிவிட்டேன், திருக்கார்த்திகை கழிந்த திங்கட்கிழமை மாமா ஜீப்பு கொண்டுவருவார், அவனிடம் எதுவும் சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். நீ நர்ஸ் வேலை பார்க்கிறவள், ஆயிரம் நோயாளியைப் பார்த்தவள், கெட்டது நினைத்துச் சொல்ல மாட்டாய். ஆனால் அந்த ஜீப்பு வரக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய தாளை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். போன கடிதத்தில் சிலதை மறைத்துவிட்டேன், இதில் மறைக்கவில்லை, சோலியெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படி.

அவனுக்கு நோவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சித்திரையில் மலையிலிருந்து இறங்கி வந்தானே, அப்போது அவன் பட்டதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். வேலை பார்த்த ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மேனேஜர் தன் சோற்றில் என்னவோ கலக்கிறார் என்றான், ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அதன் வயரைப் பிடுங்கினான், கிணற்று விளிம்பில் போய் நின்றுகொண்டு கீழே போய்விட்டால் அவர்கள் பேசுவது கேட்காது என்றான். அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்தேன், கயிறு அறுந்து அவன் இந்தப் பக்கமாக விழுந்தான். அந்தப் பக்கம் விழுந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதமே வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் உன் மாமன் ஜீப்போடு வந்தபோது நானும் தலையை ஆட்டினேன். ஆனால் ராக்கையாவுக்கு அவன் மேல் மட்டும்தான் அக்கறை என்று நான் நம்பவில்லை. அவர் மகளுக்கு ராசிங்காபுரத்தில் பேச்சு நடக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் வந்து போகும் நேரத்தில் அத்தை மகன் கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது, அதுவும் அவர் கணக்கில் இருந்தது. என் தம்பிதான், இருந்தாலும் எனக்குத் தெரியும்.

அவனை எப்படி அழைத்துப்போனோம் என்று உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மதுரைக்கு ஒரு லோடு ஏலக்காய் சாம்பிள் போகிறது, காய் எந்த மலைக்காய் என்று வியாபாரிக்குச் சந்தேகம், உன் மூக்கு வேணும் மாப்ளே என்று மாமன் சொன்னார். அவனுக்குத்தான் காய்க்குள் இருக்கிற ஒரு அரிசியைக் கடித்தாலே இது பூப்பாறைக் காயா சாந்தம்பாறைக் காயா என்று தெரியுமே. அத்தனை நாள் குளிக்காமல் கிடந்தவன் எழுந்து குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினான். பின்னால் ஒரு மூட்டையும் வைத்திருந்தார்கள், உள்ளே வெறும் உமி. ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் பிடித்து ஊசி போட்டார்கள். என்னை உள்ளே விடவில்லை, ஒரு தாளை நீட்டினார்கள், முழுக்க இங்கிலீஷ், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு எல்லாம் வழக்கமானதுதான் என்றார்கள், சுந்தரம்மாள் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவனைக் கேட்க வேண்டாமா என்று டாக்டரிடம் கேட்டேன், புத்தி சரியில்லாதவனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தால் நோய் முற்றிவிடும் அம்மா என்றார். அவர் சொன்னது தப்பு என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. சரி என்று ஒத்துக்கொள்ளவும் மனசு இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு கன்னையன் ஒருநாள் சொன்னான், "உசிலம்பட்டி தாண்டும்போதே தெரிஞ்சுபோச்சும்மா, மூட்டைல காயி இல்லன்னு. வாசமே வரல." பிறகு ஏன் இறங்கி ஓடவில்லை என்று கேட்டேன். எழுந்து உள் அறைக்குப் போய்விட்டான்.

முப்பத்தாறு நாள் கழித்து அனுப்பினார்கள். கிணற்றுப் பேச்சு நின்றிருந்தது, ரேடியோ பேச்சும் நின்றிருந்தது, அது மெய். கூடவே மற்ற பேச்சும் நின்றிருந்தது. வாயோரம் எச்சில் வடிந்தது, கால் ஒரு இடத்தில் நிற்காமல் உள் அறைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தான், உட்காரச் சொன்னால் உட்கார முடியலம்மா என்று அழுதான். ஏலக்காய் பொறுக்கிப் பார்க்கட்டும் என்று ஒரு முறத்தில் போட்டுக் கொடுத்தேன், விரல் ஆடி ஆடிக் காயெல்லாம் தரையில் சிந்தியது. கொத்தமல்லியை மோந்து பார்த்துவிட்டு இது என்னம்மா என்றான். மருந்துக்கடைக்காரரிடம் மாத்திரை எண்ணிக்கை கூடுதலா என்று கேட்டால் சீட்டில் உள்ளதைத்தானே கொடுக்கிறோம் என்கிறார், டாக்டரைக் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்கிறார், உன்னைக் கேட்டால் எல்லா நோயாளிக்கும் இப்படித்தான் அம்மா என்று எழுதுகிறாய். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிற மாதிரி இருக்கிறது. பெற்ற மகளைப் போய்ச் சந்தேகப்படுகிறாளே என்று கோபிக்காதே, இப்போது நான் சந்தேகப்படாத ஆள் கிடையாது.

ஆவணியில் மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தான். நீதான் எழுதினாய், தூளாக்கிச் சாப்பாட்டில் கலந்துவிடு, அவனுக்குத் தெரிய வேண்டாம், இங்கே வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று. நானும் செய்தேன். தம்ளர் அடியால் காகிதத்தில் வைத்து நுணுக்கிக் காலையில் காப்பியில், மத்தியானம் குழம்பில், ராத்திரி பாலில் கலந்தேன். தினமும் தம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "இதுல எதும் போட்டிருக்கியாம்மா?" என்று கேட்பான். இல்லை அப்பு, உனக்கு நான் என்ன போடப் போகிறேன் என்பேன். ஒருநாள் உன் அய்யா படத்தைக் காட்டிச் சத்தியம் கூடச் செய்தேன். அவன் குடிப்பான். ஆறு வாரம் இப்படி ஓடியது. வல்லி, நீயே யோசித்துப் பார், அவன் நோவே என்ன, யாரோ சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்பதுதானே. அது மனப்பிராந்தி என்று சொல்லித்தானே ஏமாற்றி அழைத்துப்போய் மருந்து கொடுத்தோம். அந்த மருந்தையே சோற்றில் கலந்து கொடுத்துவிட்டு, எதுவும் கலக்கவில்லை என்று நான் சத்தியம் செய்தால் இந்த வீட்டில் மெய் பேசினவன் யார். நுணுக்கும்போதெல்லாம் இது மனசில் வரும், மாத்திரையோடு சேர்த்து அதையும் நுணுக்கிவிடுவேன்.

புரட்டாசிக் கடைசியில் கசப்பு கூடுதலாகத் தெரியுமோ என்று எனக்குப் பயம் வந்தது. அவன் முகத்தைச் சுளித்த மாதிரி இருந்தது. மறைக்க வேண்டும் என்று இரண்டு ஏலக்காயைத் தட்டிக் காப்பியில் போட்டேன். அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம், கண் முன்னால் மூட்டை மூட்டையாக ஏலக்காய் போகிறது, நம் வீட்டுக் காப்பியில் என்றைக்காவது அது விழுந்திருக்கிறதா. விற்கிறதுக்குத்தான் ஏலக்காய், கல்யாணப் பாயசத்துக்கு ரெண்டு போட்டால் உண்டு. அவன் தம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனான், அப்படியே கீழே வைத்தான். "யாருக்கும்மா கல்யாணம்?" என்றான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "காப்பிக்கு ஏலக்கா போடுற வீடா இது, எத மறைக்கிறதுக்கு இது?" என்றான். கோபமாகக் கூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஒன்பது நாள் என் கையால் எதையும் வாங்கவில்லை. தோல் உள்ளதை மட்டும் சாப்பிட்டான், வாழைப்பழம், ஓட்டோடு அவித்த முட்டை, நிலக்கடலை, அவனே வெட்டின இளநீர். தோலுக்குள் யாரும் கை வைக்க முடியாது என்று நினைத்திருக்கிறான். மாத்திரை சாப்பிட மறுக்கிறான் என்று மட்டும் உனக்கு எழுதிவிட்டு இந்த ஏலக்காய் சங்கதியை மறைத்தேன். பத்தாம் நாள் காலையில் மாத்திரை அட்டையையும், நுணுக்கின தம்ளரையும், காகிதத்தையும் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்துவிட்டு, ஆமாம் அப்பு, நான்தான் போட்டேன், ஆறு வாரமாகப் போட்டேன், உன் அய்யா மேல் செய்த சத்தியமும் பொய் என்றேன். அடிப்பானோ, கிணற்றுப் பக்கம் போவானோ என்று கதவை ஒட்டியே நின்றேன். அவன் அந்தத் தம்ளரைக் கவிழ்த்து அடியைப் பார்த்தான். "அப்ப அந்த விசயத்துல எனக்குக் கிறுக்கு இல்ல" என்றான். பிறகு அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது தூக்கத்துக்கு, எது கை நடுக்கத்துக்கு என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை நாள் கொடுத்தவளுக்கு எது எதற்கு என்று தெரியவில்லை.

இப்போது ராத்திரி மாத்திரையை மட்டும் என் கண் முன்னால் அவனே எடுத்துத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறான். மற்ற இரண்டையும் விட்டுவிட்டான். இது சரியா தப்பா எனக்குத் தெரியாது, தெரியாது என்று ஒத்துக்கொள்கிறேன். தனியாகச் சிரித்தால் என்ன சிரிப்பு என்று கவனிக்கிறேன், கிணற்றுப் பக்கம் தலை தெரிந்தால் நானும் குடத்தோடு பின்னால் போகிறேன். எச்சில் வடிவது நின்றிருக்கிறது, நேற்று அரைப்படி காய் பொறுக்கினான், பத்துக்கு இரண்டுதான் சிந்தியது. தீபாவளிக்கு அவனே அடுப்பை மூட்டித் தனக்குச் சமைத்துக்கொண்டான், நான் சுட்ட பலகாரத்தை முதலில் நான் கடித்த பிறகுதான் தொட்டான். போன வெள்ளிக்கிழமை எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டுக் கொண்டுவந்து தந்தான். நான் தம்ளரை வாங்கி, குடிக்கும் முன்னால் மோந்து பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, தானாக வந்துவிட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டான். என் கையிலிருந்து தம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

அதனால் சொல்கிறேன் ஆத்தா, ஜீப்பு வேண்டாம், உமி மூட்டையும் வேண்டாம். உன் மாமனுக்கு நீயே தந்தி கொடுத்து நிறுத்து, நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார், வாசலில் ஜீப்பு நின்றால் நான் அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வேன் என்றும் எழுதிவிடு. டாக்டரைப் பார்க்கவே வேண்டாம் என்று கன்னையன் சொல்லவில்லை. "நான் பஸ்சுல வர்றேன், நானே உக்காந்து கேட்டுக்கிர்றேன், மறைச்சுக் கூட்டிட்டுப் போகாதீக" என்கிறான். அந்தப் பேச்சில் எனக்குக் கிறுக்கு எதுவும் தெரியவில்லை. நீ பத்து நாள் லீவு போட்டு வா. நான் கேட்டால் டாக்டர் அம்மா அம்மா என்று தட்டிக் கழிக்கிறார், நீ இங்கிலீஷில் கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலை அவன் காதிலும் விழுகிற மாதிரித் தமிழில் சொல்ல வேண்டும். நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளையும் வாங்கி எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். வரும்போது உன் கைப்பையில் ஊசி எதையும் மறைத்துக் கொண்டுவராதே, உன்னைப் பெற்றவள் கேட்கிறேன். அவனுக்கு எழுதுவதாக இருந்தால் அவன் பேருக்கே தனிக் கடிதமாக எழுது, என் கடிதத்துக்குள் வைத்து அனுப்பாதே.

பேத்திக்குக் காது குத்தும் நாளைத் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். மாப்பிள்ளையின் இடுப்பு வலிக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடு, பனியில் தலைக்குக் குளிக்க விடாதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவரிடம் ஒருவர் மறைக்கிற காரியம் எதுவும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். தந்தி கொடுக்க மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
சுந்தரம்மாள்

பின்குறிப்பு: ஒட்டப் போகும்போது கன்னையன் வந்து, யாருக்கு என்ன எழுதுகிறாய் என்று கேட்டான். சும்மா நலம் விசாரித்துத்தான் என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தாளை அவன் கையிலேயே கொடுத்தேன். எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தான். ஒரு இடம் தப்பு, திருத்து என்கிறான். ஏலக்காய் போட்ட அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரியும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறேனாம். முதல் நாள் காப்பியிலேயே கசப்பு தெரிந்துவிட்டதாம். "தெரியாம ஒண்ணும் கேக்கலம்மா. நீயா சொல்லுவியான்னுதான் தெனமும் கேட்டேன்" என்கிறான்.